செத்த பிறகு அடிக்கும் லூட்டி: ‘டாப்பர்’ தணிக்கையைத் தாண்டிய விதம்

‘டாப்பர்’ என்கிற இவ்வளவு பழைய ஹாலிவுட் படத்துக்கு ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்கிற தைரியத்தில் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் கெர்பி, மேரியன் கெர்பி என்று ஒரு பணக்கார இளம் தம்பதி. வேலை வெட்டி எதுவும் கிடையாது. படம் தொடங்கும்போதே ஜார்ஜ் திறந்த காரில் சீட்டின் சாய்மானத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு காலால் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி போகிறான். பக்கத்தில் இருக்கும் மனைவி அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் காலையில் நியூயார்க்கில் ஒரு வங்கியின் இயக்குநர் கூட்டத்தில் ஜார்ஜ் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அந்த வங்கியில் அதிகப் பங்கு வைத்திருப்பவன் அவன்தான். ஆனால் ராத்திரி முழுக்க கிளப் கிளப்பாக ஏறி இறங்கிக் குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், கடை சாத்துகிற நேரத்தில் பியானோக்காரரோடு சேர்ந்து பாடுகிறார்கள் (அந்தப் பியானோக்காரர் நிஜ இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேல்), விடிகிற நேரத்தில் வங்கி வாசலில் காரை நிறுத்திவிட்டு அதிலேயே தூங்கிவிடுகிறார்கள். கூட்டம் எப்படியோ முடிகிறது. அப்புறம் கண்மண் தெரியாத வேகம், ஒரு மரம். இருவரும் காலி.

படம் இன்னும் பெரும்பங்கு பாக்கி இருக்கிறது.

செத்தவர்கள் எழுந்துவந்து பக்கத்தில் கிடக்கும் ஒரு மரக்கட்டையில் உட்கார்கிறார்கள். தங்கள் உடம்பு கண்ணாடிபோலத் தெரிய ஆரம்பிப்பதை ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டிக்கொள்கிறார்கள். அழுகை, ஒப்பாரி எதுவும் இல்லை, ஏதோ ரயிலைத் தவறவிட்டவர்களின் சலிப்புதான் முகத்தில் இருக்கிறது. சொர்க்கத்திலிருந்து எக்காளச் சத்தம் கேட்க வேண்டாமா, ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்க்கும்போதுதான் ஆயுசில் ஒரு நல்ல காரியம்கூடச் செய்யவில்லை என்பது உறைக்கிறது. சரி, யாருக்காவது ஒரு நன்மை செய்துவிட்டால் மேலே போய்விடலாம். யாருக்குச் செய்வது? அந்த வங்கியின் தலைவர் காஸ்மோ டாப்பர் இருக்கிறாரே, மனைவியும் பட்லரும் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி நடத்திவைக்கிற வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் நடுவயது மனிதர், அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக வாழச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவாகிறது.

1937 ஜூலையில் வெளியான ‘டாப்பர்’ படத்தின் அடித்தளம் இவ்வளவுதான். ஹால் ரோச் தயாரித்தார், நார்மன் மக்லியோட் இயக்கினார், எம்ஜிஎம் வெளியிட்டது. மேரியனாக கான்ஸ்டன்ஸ் பென்னட், ஜார்ஜாக கேரி கிரான்ட், டாப்பராக ரோலண்ட் யங். பேய் நகைச்சுவை என்ற வகையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்தப் படத்தின் பெயர் வந்துவிடும். ஆனால் கதையை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு, கண்டபடி வண்டி ஓட்டிச் செத்துப்போன ஒரு ஜோடிதான் இதில் நாயகனும் நாயகியும். செத்த பிறகும் குடிக்கிறார்கள். செத்துப்போன மனைவி, புருஷன் பக்கத்தில் இல்லாத சமயமாகப் பார்த்து, கல்யாணமான இன்னொரு மனிதரை ஹோட்டல்வரை இழுத்துக்கொண்டு போகிறாள். அமெரிக்க சினிமா வரலாற்றிலேயே தணிக்கை மிகக் கெடுபிடியாக இருந்த காலத்தில் இதை எப்படி எடுத்தார்கள்?

கெடுபிடி என்றால் சாதாரணக் கெடுபிடி இல்லை. மார்ட்டின் குயிக்லி என்ற பத்திரிகை அதிபரும் டேனியல் லார்ட் என்ற ஏசுசபைப் பாதிரியாரும் சேர்ந்து எழுதிய ஒழுக்க விதிகளை ஸ்டுடியோக்கள் 1930-லேயே ஒப்புக்கொண்டுவிட்டன, ஆனால் நாலு வருடம் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிக்கப்போவதாக மிரட்டியதும் 1934-ல் ஜோசப் பிரீன் தலைமையில் ஒரு அலுவலகத்தை அமைத்தார்கள். அதன் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். திரைக்கதை நிலையிலேயே பிரீன் ஆட்கள் படித்துப் பார்த்து இதை வெட்டு, அதை மாற்று என்று கடிதம் அனுப்புவார்கள். விதிகளில் மூன்று நமக்கு முக்கியம். திருமணத்தின் புனிதத்தைக் காப்பாற்ற வேண்டும், கள்ள உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது. கதைக்கோ பாத்திரத்துக்கோ தேவைப்பட்டாலொழிய மது அருந்துவதைக் காட்டக் கூடாது. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே, தப்பு செய்தவன் பக்கம் பார்வையாளனின் மனம் சாய்ந்துவிடக் கூடாது, செய்த தப்புக்குப் படம் முடிவதற்குள் கூலி கிடைத்தாக வேண்டும்.

இந்தக் கடைசி விதியைத்தான் ‘டாப்பர்’ தலைகீழாகப் புரட்டிப்போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற படங்களில் முதலில் ஆட்டம், கடைசி ரீலில் தண்டனை. இதில் தண்டனை முதலிலேயே வந்துவிடுகிறது. குடித்தார்கள், பொறுப்பில்லாமல் இருந்தார்கள், செத்தார்கள், கணக்குத் தீர்ந்தது. அதற்கு மேல் ஒருவரை என்ன செய்ய முடியும்? அதோடு நற்செயல் என்கிற நிபந்தனையும் சேர்ந்துகொள்வதால் படம் முழுக்க நடக்கிற கூத்துகளுக்கெல்லாம் பிராயச்சித்தம் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. டாப்பருக்கு ஷாம்பெயின் ஊற்றிக்கொடுப்பது பிராயச்சித்தம். அவரைத் தெருச் சண்டையில் மாட்டிவிடுவதும் பிராயச்சித்தம். அவரை வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போய் கடற்கரை ஹோட்டலில் தங்கவைப்பதும் அதேதான். திரைக்கதை எழுதியவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துத் திட்டம் போட்டார்களா என்பது வேறு விஷயம். படம் இயங்குவது இப்படித்தான்.

மேரியன்-டாப்பர் விவகாரத்திலும் அதே ஓட்டைதான். மரணம் பிரிக்கும்வரை என்று சொல்லித்தான் அங்கே கல்யாணம் செய்துவைக்கிறார்கள், இங்கே மரணம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஜார்ஜுக்குப் பொறாமை வருகிறது, ஆனால் சட்டப்படி அவனால் ஒன்றும் பேச முடியாது. அப்படியே ஏதாவது நடந்தாலும் பாதி நேரம் அந்தப் பெண்ணுக்கு உடம்பே கிடையாது. உடம்பில்லாத ஒருத்தியோடு என்ன கள்ள உறவு?

இந்த மாதிரி ஓட்டையைக் கண்டுபிடிப்பது ‘டாப்பர்’ மட்டும் செய்த வேலை இல்லை. ஸ்க்ரூபால் காமெடி என்று நாம் சொல்லும் வகை, அதாவது பணக்கார வீடு, மூச்சுவிடாத வாய்ச்சண்டை, ஆணைத் தரதரவென்று இழுத்துப்போகும் பெண் எனப் போகும் படங்கள், ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ வந்த 1934-ல் சூடுபிடித்தது, அதே வருடம்தான் பிரீன் அலுவலகமும் வந்தது. அதற்குப் பிறகு ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். கேரி கிரான்ட் நடித்த படங்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பார்த்தாலே சிரிப்பு வரும். ‘டாப்பர்’ வந்த அதே 1937-ல் வந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்தில் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது, அந்த இடைவெளியில்தான் மொத்தப் படமும். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’, ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ இரண்டிலும் முன்னாள் மனைவி. 1940-ல் வந்த ‘மை ஃபேவரிட் வைஃப்’ இன்னும் மோசம், கடலில் காணாமல்போன மனைவியைச் சட்டப்படி செத்தவள் என்று அறிவித்துவிட்டு மறுகல்யாணம் செய்துகொள்கிறார், அன்றைக்குப் பார்த்து அவள் திரும்பி வருகிறாள். கிட்டத்தட்ட மனைவி, கிட்டத்தட்ட விவாகரத்து, கிட்டத்தட்ட செத்தவள். இந்த ‘கிட்டத்தட்ட’வில்தான் அந்தக் காலத்துக் காதல் காமெடி பிழைப்பு நடத்தியது. ‘டாப்பர்’ அந்த வரிசையில் ஒரேயடியாகச் சாகடித்துவிட்டு ஆரம்பித்த படம்.

சரி, இந்தக் கெர்பிகள் எங்கிருந்து வந்தார்கள்? தோர்ன் ஸ்மித் என்பவர் 1926-ல் எழுதிய நாவலிலிருந்து. கடற்படை அதிகாரியின் மகன், விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர், எழுதிய நாவல்களில் பாதிக்கு மேல் யாராவது குடித்துக்கொண்டே இருப்பார்கள். 1926 என்பது அமெரிக்காவில் மதுவிலக்கு முழு அமலில் இருந்த நேரம் (1920 தொடங்கி 1933 வரை), அதனால் ஒரு கட்டுப்பெட்டி வங்கிக்காரரைக் குடிக்கவைப்பது என்பதே அன்றைக்கு சட்டத்தை மீறுகிற ஜாலி. நாவலில் கெர்பிகள் முதலிலேயே செத்துப்போனவர்கள். டாப்பர் வாங்குகிற கார் அவர்கள் அடிபட்ட கார், அவ்வளவுதான், பிறகு ஆவிகள் வருகின்றன. படம் எடுத்தவர்கள்தான் அவர்களை முதலில் உயிரோடு காட்டி, நமக்குப் பிடிக்கவைத்து, அப்புறம் கொல்கிறார்கள். இந்த மாற்றம் பெரிய மாற்றம். முன்பின் தெரியாத பேய் வந்து கலாட்டா செய்தால் அது வெறும் வேடிக்கை, ஏற்கெனவே பழகின ஆள் பேயாக வந்தால் திரும்பி வந்துவிட்டானே என்று ஒரு நிம்மதி வருகிறது. மரத்தில் மோதிய அந்த அதிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்காமல் போவதற்குக் காரணம் அந்த நிம்மதிதான். தோர்ன் ஸ்மித் படத்தைப் பார்க்கவில்லை, 1934-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாவல் வந்த காலத்துக்கே உரிய இன்னொரு சரக்கு படத்தில் அப்படியே தங்கியிருக்கிறது. கெர்பிகளால் நினைத்தபோதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க முடியாது, அதற்கு எக்டோபிளாசம் வேண்டும், அது கொஞ்சம்தான் கையிருப்பு, செலவழித்தால் தீர்ந்துவிடும். இது கதாசிரியர் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை. முதல் உலகப் போரிலும் அதையொட்டி வந்த இன்ஃபுளுவென்சாவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருந்தன, செத்தவர்களோடு பேசவைக்கிறேன் என்று சொல்லும் ஆவியுலக மீடியம்களுக்கு 1920-களில் நல்ல காலம். இருட்டு அறையில் மீடியத்தின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளையாக ஏதோ வழியும், அதுதான் ஆவி உருவெடுக்கும் பொருளான எக்டோபிளாசம் என்பார்கள். சோதித்துப் பார்த்தபோது பல சமயம் அது மெல்லிய துணி. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில் இதையெல்லாம் முழுமனதாக நம்பினார், மாயவித்தைக்காரர் ஹூடினி ஊர் ஊராகப் போய் அம்பலப்படுத்தினார். அந்த ஹூடினி இறந்ததும் 1926-ல்தான். ஆக நாவலைப் படித்த அன்றைய வாசகருக்கு எக்டோபிளாசம் என்பது பத்திரிகையில் தினம் அடிபடும் சமாசாரம். அந்தப் பெரிய சோகத்தின் சொல்லை எடுத்து, கார் டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போல ஆக்கிவிட்டார் ஸ்மித். படத்துக்கு இது இரண்டு விதத்தில் லாபம். எப்போது மறைந்துபோவார்களோ என்கிற பதைப்பு காட்சிக்குக் கிடைக்கிறது. அதோடு நடிகர்கள் பாதி நேரம் திரையிலேயே இல்லாததற்கு ஒரு காரணமும் கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆளோடு நடிப்பது யார் வேலை? தெரிகிற ஆளின் வேலை. ரோலண்ட் யங்தான் இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார் என்று நான் அடித்துச் சொல்வேன், போஸ்டரில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தாலும். லண்டன்காரர், அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, சின்ன மீசை, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பேச்சு. ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். டாப்பருக்கு ஷாம்பெயின் தலைக்கேறிவிடுகிறது. நடக்க முடியவில்லை. கெர்பிகள் இருவரும் மறைந்த நிலையிலேயே ஆளுக்கொரு பக்கம் அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள். நமக்குத் தெரிவது தனி ஆளாக ரோலண்ட் யங் மட்டும். இரண்டு தோளும் யாரோ தூக்கிப் பிடித்ததுபோல மேலே ஏறி இருக்கின்றன, தலை தொங்குகிறது, கால்கள் மட்டும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத வேலையைச் செய்வதுபோல இழுபட்டுப் போகின்றன, உடம்பு விழ வேண்டிய கோணத்தில் சாய்ந்திருக்கிறது, ஆனால் விழவில்லை. இதில் கேமரா தந்திரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் தன் உடம்பின் எடையை இல்லாத இரண்டு பேர் மேல் சாய்த்து நடந்து காட்டுகிறார். எதிரே வருகிறவர்கள் முறைக்கிறார்கள், அந்த நிலையிலும் டாப்பரின் முகத்தில் ஒரு மரியாதைப்பட்ட மனிதரின் சங்கடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் சிரிப்பு. சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையில் அவர் பெயர் வந்தது, கிடைக்கவில்லை. படத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர், பரிந்துரையோ துணை நடிகருக்கு!

இந்த மாதிரி உடம்பை வைத்துச் செய்யும் வேடிக்கை இந்தப் படத்தில் இவ்வளவு சுத்தமாக வந்ததற்குத் தயாரித்த இடமும் ஒரு காரணம். ஹால் ரோச் என்றால் லாரல்-ஹார்டி, ‘அவர் கேங்’ சிறுவர் படங்கள். கல்வர் சிட்டியில் இருந்த அவருடைய ஸ்டுடியோ குறும்படங்களை நம்பியே வளர்ந்தது. 1930-களின் நடுவில் தியேட்டர்காரர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு முழுநீளப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார்கள், பொருளாதார நெருக்கடியில் ஆள் பிடிக்க அதுதான் வழி, அதனால் நடுவில் போட்டுக்கொண்டிருந்த குறும்படத்துக்கு இடமில்லாமல் போயிற்று. தொழில் கையை விட்டுப் போவதைப் பார்த்த ரோச் பெரிய நடிகர்களை வைத்து முழுநீளப் படம் எடுக்க இறங்கினார், ‘டாப்பர்’ அந்த முயற்சி. ஆக, மேல்தட்டு நாகரிக காமெடியாகத் தெரிகிற இந்தப் படத்தைச் செய்த கைகள் எல்லாம் தடுக்கி விழுவதிலும் தொப்பி பறப்பதிலும் பழகிய கைகள். இயக்குநர் மக்லியோடும் லேசுப்பட்டவர் இல்லை, மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவின் ‘மங்கி பிசினஸ்’, ‘ஹார்ஸ் ஃபெதர்ஸ்’ இரண்டையும் இயக்கியவர். அடங்காத ஆட்களை வைத்துப் படம் பிடித்த அனுபவம் அவருக்கு நிறையவே இருந்தது.

தந்திரக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டவர் ராய் சீரைட், ரோச் ஸ்டுடியோவிலேயே இருந்தவர். டாப்பர் கெர்பிகளின் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது டயர் போய்விடுகிறது, ஆள் யாரும் இல்லாமல் அந்த டயர் தானாக மாறுகிற காட்சி இன்றைக்கும் கண்ணை விரியவைக்கும். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் இருந்த வழிகள் கொஞ்சம்தான். மெல்லிய கம்பியில் பொருள்களைத் தொங்கவிட்டு இழுப்பது ஒன்று. கேமராவை அசையாமல் பூட்டிவைத்து, ஆள் இருக்கும்போது ஒருமுறை, ஆள் இல்லாமல் ஒருமுறை எடுத்து, இரண்டையும் லேபில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது இன்னொன்று, கெர்பிகள் மெல்லத் தோன்றுவதும் கரைந்துபோவதும் இப்படித்தான். கேமரா ஒரு இம்மி நகர்ந்தாலும் பின்னால் இருக்கும் சுவரே குதிக்கும். அதனால் இந்த மாதிரி ஷாட்டுகளில் கேமரா சிலை மாதிரி நிற்பதையும், மற்ற இடங்களில் சகஜமாக நகர்வதையும் கவனித்துப் பார்த்தால், எங்கே தந்திரம் வரப்போகிறது என்பதை ஒரு நொடி முன்னாலேயே சொல்லிவிடலாம். பேய் எப்போது தெரிய வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பதில் படம் காட்டும் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது. பெரும்பாலும் குரல் மட்டும்தான். சிறந்த ஒலிப்பதிவுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது என்று படிக்கும்போது முதலில் ஏன் என்று தோன்றும், படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். காலியாக இருக்கிற நாற்காலியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் சரியான தூரத்தில் வர வேண்டும் அல்லவா.

அந்தக் குரல் கான்ஸ்டன்ஸ் பென்னட்டுடையது. 1930-களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய நடிகைகளில் ஒருவர், சோக நாயகி வேடங்களுக்குப் பேர்போனவர், 1937-க்குள் மார்க்கெட் இறங்கியிருந்தது. மேரியன் அவருக்குக் கிடைத்த நல்ல திருப்பம். கிரான்டுக்கோ இது ஏறுமுகம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆர்ச்சி லீச் என்ற பெயரில் பிறந்து, சின்ன வயதிலேயே குட்டிக்கரணம் போடும் குழுவில் சேர்ந்து அமெரிக்கா வந்தவர், பாரமவுன்ட் ஸ்டுடியோவில் அஞ்சு வருடம் அழகான சுவர்போல நிறுத்திவைக்கப்பட்டவர், அங்கிருந்து வெளியே வந்த சூட்டில் நடித்த படங்களில் ஒன்று இது. காலால் வண்டி ஓட்டுகிற அந்தத் தொடக்கத்தில் சர்க்கஸ் உடம்பு தெரிகிறது. ஆனால் இது அவருடைய படம் என்று நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். நடுவில் நீண்ட நேரம் ஆளே காணோம். சில மாதங்கள் கழித்து வந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’தான் அவரை நாம் அறிந்த கேரி கிரான்ட் ஆக்கியது.

படத்தில் பணக்காரர்கள் மட்டுமே இருப்பதும், அதுவும் ஒரு வங்கித் தலைவரின் மனக்கஷ்டத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியிருப்பதும் இன்றைக்குக் கொஞ்சம் நெருடலாம். 1933 மார்ச்சில் நாட்டின் எல்லா வங்கிகளையும் அரசு சில நாள் இழுத்து மூடியது, சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள்தான் தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள். அவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவரான எரிக் ஹாட்ச், முந்தைய வருடம் வந்த ‘மை மேன் காட்ஃப்ரி’யின் கதைக்குச் சொந்தக்காரர், குப்பைமேட்டில் கிடந்த மனிதனைப் பட்லராக வீட்டுக்குக் கூட்டிவரும் கிறுக்குப் பணக்காரக் குடும்பத்தின் கதை அது. பணக்காரர்களைக் கேலி செய்துகொண்டே அவர்கள் வீட்டு சோபாவில் நம்மையும் கொஞ்ச நேரம் உட்காரவைக்கிற வித்தை அவருக்குக் கைவந்தது. ‘டாப்பர்’ அந்தளவுக்குக் கடுமையாகப் போவதில்லை. ஆனால் ஒரு இடத்தில் நன்றாகவே குத்துகிறது. டாப்பர் குடித்துவிட்டுச் சண்டையில் மாட்டி கோர்ட்டுக்குப் போய், பேப்பரில் பெயர் வந்து நாறிவிடுகிறது. மனைவி கிளாரா, மேல்தட்டு வட்டத்தில் இடம் பிடிப்பதற்காகவே வாழ்கிறவள், மானம் போயிற்று என்று இடிந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, இத்தனை நாள் ஏறெடுத்தும் பார்க்காத பெரிய வீட்டு அம்மாள் தேடி வந்து உறவு கொண்டாடுகிறாள், ஏனென்றால் டாப்பர் இப்போது சுவாரசியமான மனிதர்! அந்த அம்மாளாக நடித்தவர் ஹெடா ஹாப்பர். அடுத்த வருடமே கிசுகிசுப் பத்தி எழுத ஆரம்பித்து ஹாலிவுட்டையே நடுங்கவைத்தவர். வேடப்பொருத்தம் என்றால் இது.

கிளாராவாக நடித்த பில்லி பர்க்கைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பிராட்வே அதிபர் சீக்ஃபெல்டின் மனைவி, அவர் கடனோடு இறந்த பிறகு சினிமாவில் படபடவென்று பேசும் அசட்டுப் பணக்காரப் பெண்மணி வேடங்களில் உழைத்தவர், இரண்டு வருடம் கழித்து ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் நல்ல சூனியக்காரி கிளிண்டா. மேரியனின் லேஸ் வைத்த உள்ளாடை ஒன்று கிளாரா கையில் சிக்கும் இடத்தில் படம் வழக்கமான சந்தேக மனைவி நாடகமாகிவிடுமோ என்று பயந்தேன். ஆகவில்லை. டாப்பர் வீட்டைவிட்டுப் போன பிறகு கிளாராவின் முகத்தில் ஒரு உண்மையான வருத்தம் வருகிறது, அடம்பிடித்த மனைவி என்கிற அட்டைப் பொம்மை கொஞ்ச நேரம் மனுஷியாகிறாள். கடைசியில் டாப்பரும் காரில் அடிபட்டு, கெர்பிகளோடு போய்ச் சேர இருந்தவர் பிழைத்துத் திரும்பும்போது, கிளாரா அந்த மாதிரி உள்ளாடையை அவளே போட்டுக்கொண்டு காட்டுகிறாள். பிரீன் அலுவலகத்துக்குத் திருப்தி, குடும்பம் காப்பாற்றப்பட்டது. கவனித்தால், காப்பாற்றியது ஒரு பேய், ஒரு பாட்டில், ஒரு உள்ளாடை.

குறை இல்லாமல் இல்லை. ஹோட்டல் காட்சிகள் தேவைக்கு மேல் நீளுகின்றன. யூஜின் பாலெட் கரகரத்த குரலில் ஹோட்டல் துப்பறிவாளராக எவ்வளவு முயன்றாலும், கண்ணுக்குத் தெரியாத ஆள் அடிக்கிறான், தெரிகிற ஆள் திரும்பிப் பார்க்கிறான் என்பதையே நாலாவது தடவை பார்க்கும்போது அலுக்கிறது. முதல் பாதியின் ஓட்டம் இரண்டாம் பாதியில் இல்லை.

படம் ஓடியது. ரோச் இரண்டு தொடர்ச்சிகள் எடுத்தார். ‘டாப்பர் டேக்ஸ் எ ட்ரிப்’ 1938 கடைசியில் வந்தது, கிளாரா விவாகரத்து கேட்டு பிரான்ஸுக்குப் போகிறாள், மேரியன் பின்னாலேயே போகிறாள். கிரான்ட் அதற்குள் பெரிய ஆளாகிவிட்டார், முதல் படத்தின் காட்சிகளில் மட்டும் தலைகாட்டுகிறார், அவருக்குப் பதில் ஒரு நாயைச் சேர்த்துக்கொண்டார்கள், நாய் நன்றாகவே நடித்திருக்கிறது. 1941-ல் வந்த ‘டாப்பர் ரிட்டர்ன்ஸ்’ கெர்பிகள் இல்லாத கொலை மர்மக் கதை, தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க டாப்பரைத் தொந்தரவு செய்யும் ஆவியாக ஜோன் பிளாண்டல். அதில் கறுப்பினக் கார் ஓட்டுநரைப் பேய்க்குப் பயந்து நடுங்குகிறவராகவே காட்டியிருப்பது இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, எடி ஆண்டர்சன் எவ்வளவு கெட்டிக்கார நடிகர் என்று தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

1953-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது செய்த ஒரு மாற்றம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையானது. தொடரில் கெர்பிகள் கார் விபத்தில் சாகவில்லை. பனிச்சறுக்குப் போன இடத்தில் பனிச்சரிவில் சிக்கிச் சாகிறார்கள், காப்பாற்ற வந்த பெரிய நாயும் கூடவே செத்து ஆவியாகிறது. குடித்துவிட்டு வேகமாக ஓட்டுவது வீட்டுக்கூடத்தில் குழந்தைகளோடு பார்க்கிற பெட்டிக்கு ஒத்துவராது. சரி, இயற்கைச் சீற்றம் என்றால் யார் மேலும் பழி இல்லை. ஆனால் தப்பே செய்யாமல் செத்தவர்களுக்குப் பிராயச்சித்தமும் தேவையில்லை. அதனால் தொடரில் கெர்பிகள் சும்மா பக்கத்தில் இருந்துகொண்டு வாரம் ஒரு சேட்டை செய்கிறவர்களாகிவிட்டார்கள். குடியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நாயிடம். அந்த செயின்ட் பெர்னார்ட் நாய் மார்ட்டினி குடிக்கும். அந்தத் தொடரில் பல அத்தியாயங்களை எழுதியவர்களில் ஒருவர், பின்னாளில் பிராட்வே இசை நாடகங்களில் கொடிகட்டிப் பறந்த ஸ்டீபன் சொண்ட்ஹைம், அப்போது இருபத்து சொச்சம் வயது.

இப்போது பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1985-ல் கணினியால் வண்ணம் பூசி வெளியிட்ட பதிப்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கறுப்பு-வெள்ளை முழுநீளப் படங்களுக்கு வண்ணம் பூசும் வேலை முதலில் நடந்த படங்களில் ‘டாப்பர்’ ஒன்று, பழைய இயக்குநர்களெல்லாம் கொதித்தெழுந்த பெரிய சண்டைக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. வண்ணத்தில் எல்லார் முகமும் ஒரே பிஸ்கட் நிறத்தில் இருக்கும், அதைவிட முக்கியம், ஊடுருவித் தெரிகிற உடம்புகளைச் சாம்பல் நிறத்தில்தான் கண் நம்புகிறது. கறுப்பு-வெள்ளைப் பிரதியையே தேடிப் பிடியுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பு.